ஆறு மேடு போட்டேன், பன்னிரண்டு வந்தது

ராத்திரி பதினொன்றரை. லேபில் நான் மட்டும்தான். ஏசியை அணைத்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன்; அதன் அதிர்வுகூட எஸ்டிஎம்முக்கு (ஊசி முனைக்கும் பரப்புக்கும் நடுவே ஓடும் மின்னோட்டத்தை வைத்து அணு அளவில் படம் எடுக்கும் நுண்ணோக்கி) ஆகாது.

வேலை இதுதான். தங்க ஊசியின் முனையைத் தங்கப் பரப்புக்கு ஒரு நானோமீட்டர் அளவு நெருக்கத்தில் நிறுத்தி, சில வோல்ட் பல்ஸ் ஒன்று தட்ட வேண்டும். ஊசியிலிருந்து துளி தங்கம் இறங்கி, பத்து இருபது நானோமீட்டர் அகலத்தில் மேடாக உட்காரும். ஐபிஎம்மில் மாமின், ருகார் குழு 1990-லேயே செய்து காட்டிவிட்டது. அதே வருஷம் 35 செனான் அணுக்களால் கம்பெனிப் பெயரை எழுதிய ஐக்லரைத்தான் ஊருக்கே தெரியும். அதற்கு 4 கெல்வின் குளிர் வேண்டும். இதுவோ சாதாரண அறையில், காற்றிலேயே நடக்கும். எனக்கு இதுதான் உசத்தி.

தங்கம் எப்படி இறங்குகிறது என்பதில் இன்னும் வழக்கு உண்டு. மின்புலம் அணுக்களைப் பிய்த்தெடுக்கிறது என்பது ஒரு கட்சி. முனை நீண்டு பரப்பைத் தொட்டு, பிரியும்போது கொஞ்சம் விட்டுவிட்டு வருகிறது என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி, அன்றைக்குப் பிறகு கொஞ்சம் பிடிவாதமாகவே.

ஆறு பல்ஸ் தட்டினேன். ஸ்கேன் ஓடி முடிந்ததும் திரையில் பன்னிரண்டு மேடு! ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம், அதே தூரத்தில், சற்றுக் குட்டையாக ஒரு தம்பி. பல்ஸ் தட்டாத மூலையில் முன்பே இருந்த ஒரு அழுக்குத் துணுக்குக்கும் அதே மாதிரி ஒரு தம்பி.

முனை இரண்டாகப் பிளந்திருந்தது. இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். அதனால் சமதளத்தில் மிகவும் கீழே நீட்டியிருக்கும் அணு மட்டுமே படம் வரையும். உயரமான மேடு வந்தால்தான் பக்கத்து முனையும் தன் பங்குக்கு ஒரு படம் போடும்.

தள்ளிப் போய் வெறும் பரப்பில் இரண்டு பல்ஸ் கொடுத்து முனையை உதறினேன். திரும்ப வந்து ஸ்கேன் செய்தால், ஆறு. ஆனால் மூன்றாவது மேடு முதல் படத்தில் இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. தங்க அணுக்கள் அறை வெப்பத்திலேயே பரப்பில் ஊர்ந்துகொண்டிருக்கும். நாலரை மணிவரை அதையே திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன்.