கடலடிக்கு ஒரு சின்னக் கேமரா

2025 ஜனவரி 12, ஞாயிறு

இந்த வருடப் பொங்கல் போனஸ் கடலடிக் கேமராவுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். இரவு முழுக்க ஆழக் கணக்குதான் பார்த்தேன். எல்லா விளம்பரத்திலும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருக்கிறது. எத்தனை மீட்டருக்கு என்பது பொடி எழுத்தில் கிடக்கிறது. ஓஎம் சிஸ்டம் டிஜி-7 அப்படியே 15 மீட்டர் வரை தாங்கும். ஸ்கூபா டைவிங்கில் முதல் படியான என்னுடைய ஓபன் வாட்டர் சான்றிதழோ 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கிறது. அந்த மூன்று மீட்டர் இடிக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் இடத்தில் 'கொஞ்சம்தானே' என்று இறங்க முடியாது. நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர் தாங்கும். ஆனால் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழையதை வாங்கி, தண்ணீரைத் தடுக்கும் அதன் ரப்பரை நம்ப எனக்கு மனமில்லை. ஆக, எந்தக் கேமரா என்றாலும் ஹவுசிங் வேண்டும், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர் புகாத பெட்டி.

ஜனவரி 19

புதுச்சேரியில் டைவ் முடிந்து படகில் திரும்பும்போது பயிற்சியாளர் அண்ணாவிடம் கேட்டேன். சோனி ஆர்எக்ஸ்100 மாதிரி ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ளதை வாங்கலாமா, டிஜி-7 போதுமா என்று.

"உனக்கு என்ன எடுக்கணும்?" என்றார்.

சின்ன உயிர்கள், ஓடில்லாத கடல் நத்தை, பாறை இடுக்கில் ஒளியும் இறால் என்றேன்.

"அப்போ எது கிட்டப் போகுதோ அதை வாங்கு. லென்ஸுக்கும் அதுக்கும் நடுவுல தண்ணி எவ்வளவு கம்மியோ, படம் அவ்வளவு நல்லா வரும்."

வீட்டுக்கு வந்து இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். ஒரு அங்குல சென்சாரின் பரப்பு டிஜி-7இன் சென்சாரைப் போல நான்கு மடங்கு. மங்கிய வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறையும். ஷட்டர் வேகத்தையும் நாமே வைக்கலாம். டிஜி-7இல் அதற்கு மோட் கிடையாது, எனக்கு இது உண்மையான குறைதான். ஆனால் அந்தப் பெரிய சென்சார் கேமராக்களில் ஜூம் செய்தால் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். நகம் அளவு உயிருக்கு, ஹவுசிங்குக்கு வெளியே தனியாக ஒரு க்ளோஸப் லென்ஸ் மாட்ட வேண்டும். டிஜி-7இன் மைக்ரோஸ்கோப் மோடில் லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டரிலேயே ஃபோகஸ் பிடிக்கும். நம் கடற்கரைத் தண்ணீரில் மிதக்கும் துகள் அதிகம். அந்தமான் போல எப்போதும் தெளிவாக இருக்காது. இங்கே கிட்டப் போகத் தெரிந்த கேமராவுக்கே என் ஓட்டு.

இன்னொன்று: ஹவுசிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் சாதாரணக் கேமரா அங்கேயே முடிந்தது. டிஜி-7 தானே நீர் புகாதது என்பதால், 15 மீட்டருக்குள் என்றால் தப்பிக்க வழியுண்டு.

பிப்ரவரி 2

நிறத்தைப் பற்றியே யோசனை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்தாறு மீட்டரிலேயே பெரும்பாலும் போய்விடும். அதன்பின் ஆரஞ்சு, மஞ்சள். ஆழம் குறைவாக இருந்தால் வெள்ளைப் பலகையைக் காட்டி அங்கேயே ஒயிட் பேலன்ஸ் வைக்கலாம், எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லி நிறத்தைச் சரிசெய்வது அது. இன்னும் கீழே போனால் இல்லாத சிவப்பை எந்த செட்டிங்கும் கொண்டுவராது, வெளிச்சத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மிச்சமாகும் பணம் டார்ச்சுக்கும், பிற்பாடு ஸ்ட்ரோப் எனும் தனி ஃபிளாஷுக்கும். மெகாபிக்சல் ஒப்பீட்டில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள் வெளிச்சத்துக்கு ஒரு பட்ஜெட் போடாமல் விடுவதைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 8

வாங்கியாயிற்று. டிஜி-7, 45 மீட்டர் தாங்கும் பிடி-059 ஹவுசிங், சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள்.

பிப்ரவரி 15

முதலில் கேமராவை வைக்காமல் ஹவுசிங்கை மட்டும் சோதித்தேன். மூடியின் இடுக்கை அடைக்கும் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் விரல்களுக்கு நடுவே மெல்ல ஓட்டிப் பார்த்தபோது ஒரு இடத்தில் துண்டிலிருந்து வந்த நூலிழை ஒட்டியிருந்தது. கண்ணுக்கு எளிதில் படாது, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது. கடலில் தண்ணீர் உள்ளே வர அந்த ஒரு இழை போதும். துடைத்து, பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். அதிகம் தடவினால் மணலையும் முடியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒரு டிஷ்யூவை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே செங்கல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அம்மா, "குளிக்கிற வாளியில என்னடி இது?" என்றாள். டிஷ்யூ காய்ந்தபடியே இருந்தது. வாளிக்கு ஆழ அழுத்தம் கிடையாது என்றாலும், ஓ-ரிங் சரியாக உட்காராமல் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

மார்ச் 9

கடலில் முதல் தடவை. மீன்களைத் துரத்தவில்லை. ஒரு பாறையோரமாக நின்றுவிட்டேன், தரையில் கால் படாமல் மிதப்பைச் சரிசெய்து. கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கடல் நத்தை, வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்; அவ்வளவு கிட்டத்தில் நேராகப் பிடித்தால் ஹவுசிங்கின் நிழலே அதன் மேல் விழுகிறது. வெளிச்சம் பட்டதும் விளிம்பில் ஆரஞ்சுக் கோடு எழுந்தது, தலையில் இரண்டு கொம்பு, முதுகில் பூப்போல விரிந்த செவுள். திரையில் அந்தச் செவுளின் ஒவ்வொரு கிளையும் தெரிந்தது!

கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால், கொஞ்சம் தள்ளியிருக்கும் அஞ்சாலையை (பாம்பு போல நீண்ட மீன்) எடுத்தபோது துகள்களெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்தன. லென்ஸிலிருந்து விலக்கிக் கை நீட்டி வைக்கும் ஸ்ட்ரோப் ஒன்று அடுத்து வேண்டும். அது வரும்வரை டார்ச் எட்டும் தூரத்தில் இருப்பவற்றை மட்டும் எடுக்கப்போகிறேன்.