மச்சானின் இருபது, என் 14.4

"என் வண்டி லிட்டருக்கு இருபது கி.மீ. மைலேஜ் கொடுக்குது" என்றான் மச்சான். எப்படி அளந்தாய் என்றேன். "டேஷ்போர்டுலயே காட்டுதே!"

அது வண்டி போடும் மதிப்பீடு. என் வண்டியிலும் 15.9 என்றுதான் காட்டியது. பில்லை வைத்துக் கணக்குப் போட்டால் 14.4.

தண்டையார்பேட்டை பங்க்கில் ஃபுல் டேங்க் அடித்து, நாசில் 'டக்'கென்று தானாக நின்றதும் போதும் என்றேன். ஓடோமீட்டரை போனில் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த முறையும் அதே பங்க், அதே பம்ப், அதே முதல் 'டக்' வரைதான். இடையில் ஓடியது 412 கி.மீ., இரண்டாம் முறை பிடித்தது 28.6 லிட்டர். வகுத்தால் முடிந்தது. முதலில் போட்ட பெட்ரோலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பங்க் தம்பி "ரவுண்டா போட்டுடறேன் சார்" என்று மறுபடி அழுத்த வருவார், விடாதீர்கள். அந்த அரை லிட்டரே விடையை மாற்றிவிடும்.

ஒரே டேங்க்கை நம்பவும் வேண்டாம். நாலைந்து டேங்க் ஓட்டி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். டயர் தேய்ந்திருந்தால் ஓடோமீட்டரே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது வேறு கதை.

அப்புறம், கம்பெனி சொல்லும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அங்கே எண்ணூர் விரைவுச் சாலையும் இல்லை, கன்டெய்னர் லாரி வரிசையும் இல்லை. நம் வண்டியோ லாரிக்குப் பின்னால் ஏசியோடு நின்றபடியே பெட்ரோலைக் குடிக்கும்.

மச்சான் நேற்று ஃபுல் டேங்க் போட்டிருக்கிறானாம்.