பட்டியலோடு ரிச்சி தெருவுக்கு

2023 அக்டோபர் கடைசி வாரம். ஒரு சிறுகதைத் தொகுப்பின் மூன்றாவது மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் 'பட்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகிய வாடை. பன்னிரண்டு வருடம் எனக்குச் சோறு போட்ட கணினியின் கதை அத்துடன் முடிந்தது. பக்கத்துத் தெருவில் பழுது பார்ப்பவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "எஸ்எம்பிஎஸ் வெடித்திருக்கிறது மேடம். போகிற போக்கில் போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது" என்றார். எஸ்எம்பிஎஸ் என்பது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி; போர்டு என்பது எல்லாப் பாகங்களும் வந்து மாட்டும் மதர்போர்டு. கோப்புகள் இருந்த ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்தது. அதற்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறவள். ஜனவரியில் சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி. டிசம்பர் பிறப்பதற்குள் எல்லாப் பதிப்பாளர்களுக்கும் கோப்பு வேண்டும். கையில் எட்டுப் புத்தகங்கள் இருந்தன. லேப்டாப் வாங்கிவிடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒற்றுப்பிழையைத் தேடும் கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று வீம்பு. 2011இல் கடைக்காரர் எதைக் கொடுத்தாரோ அதை வாங்கி வந்தேன். பெட்டிக்குள் இருந்த எஸ்எம்பிஎஸ் யார் செய்தது, எத்தனை வாட் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அது வெடித்த பிறகுதான் அதன் முகத்தையே பார்த்தேன். இந்த முறை உள்ளே போகும் ஒவ்வொன்றையும் நானே பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன். கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருந்தது. பழைய மானிட்டர் நன்றாகவே இருந்ததால் அந்தச் செலவு இல்லை.

பொறியியல் முதலாண்டு படிக்கும் அண்ணன் மகன் உற்சாகமாக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தான். கணினியின் மூளையாக இன்டெல் கோர் ஐ5-12400எஃப் பிராசஸர், திரைக்குப் படம் அனுப்பத் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து வண்ண விளக்கு ஃபேன்கள் சுழலும் கேபினெட்.

"இந்தக் கடைசியில் இருக்கும் 'எஃப்' எதற்கு?" என்று கேட்டேன்.

"அதில் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்காது அத்தை. கார்டு தனியாகப் போட வேண்டும்."

"போடாவிட்டால்?"

"திரையில் ஒன்றும் வராது."

"கார்டு எவ்வளவு?"

அவன் சொன்ன தொகை பிராசஸரின் விலையைத் தாண்டியது. பின்னால் உதவும் என்றான். யாருக்கு என்றேன். சிரித்துவிட்டான். விடுமுறைக்கு வந்தால் விளையாட அத்தை வீட்டில் ஒரு கணினி தயாராக இருக்கும் என்பது அவன் கணக்கு.

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து என் வேலையைத்தான் முதலில் எழுதினேன். இன்டிசைனில் நானூறு பக்கப் புத்தகம், ஃபோட்டோஷாப்பில் அட்டை, கூடவே பத்துப் பதினைந்து பிடிஎஃப். முப்பரிமாணம் இல்லை, வீடியோ இல்லை, விளையாட்டு இல்லை. அப்படியென்றால் கார்டு வேண்டாம். கார்டு வேண்டாம் என்றால் உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸர் வேண்டும். அங்கிருந்து ஒவ்வொன்றும் அடுத்ததன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. 'எஃப்' இல்லாத 12400க்கும் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜிக்கும் இடையே அன்று நாலாயிரம் ரூபாய் போல வித்தியாசம். இரண்டிலும் ஆறு கோர், அதாவது உள்ளே ஆறு கணிப்பு மையங்கள். ஒற்றைக் கோர் வேகத்தில் இன்டெல் ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலாயிரத்தை வேறு ஓர் இடத்தில் போட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. ரைசனுக்கே போனேன்.

மருமகனுக்கு அதிலும் குறை. 5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட் பழையது, 2022இலேயே ஏஎம்5 வந்துவிட்டது, நாளைக்கு மேம்படுத்த வழி இருக்காது என்றான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு முறையாவது நான் பிராசஸர் மாற்றினேனா? ஏஎம்5க்கு டிடிஆர்5 என்னும் புதிய வகை ராம்தான் (நினைவகம்) வேண்டும். அன்றைக்கு அதுவும் அதற்கான போர்டும் விலை அதிகம். நாளைய வசதிக்கு இன்றைக்கே வாடகை கட்டுவானேன்?

அடுத்தது மதர்போர்டு. எல்லாரும் பி550 என்றார்கள். பாகங்கள் தரவு பரிமாறும் முறையின் நான்காம் பதிப்பான பிசிஐஇ 4.0 அதில் உண்டு, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமாக ஓடும் என்பது காரணம். ஆனால் 5600ஜி 3.0 வரைதான் பேசும். பிராசஸருக்குத் தெரியாத மொழியைப் போர்டு கற்றுவைத்து என்ன பயன்? பி450 போதும் என்று எழுதிக்கொண்டேன். இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டேன். ராமுக்கு நான்கு ஸ்லாட் இருக்க வேண்டும், பின்பக்கம் விஜிஏ என்னும் பழைய மானிட்டர் இணைப்பு இருக்க வேண்டும். என் மானிட்டருக்குத் தெரிந்தது அந்த நீல மூக்கு மட்டுமே. பி450இல் ஒரு சிக்கல் உண்டு. அது 5600ஜிக்கு முந்திப் பிறந்தது. கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸுக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) இந்த பிராசஸரை அடையாளம் தெரியாது. கேட்டு வாங்க வேண்டும் என்று பட்டியலில் சிவப்பு மையால் எழுதினேன். எழுதியும் மாட்டிக்கொண்டேன், அது பிறகு.

பட்டியலோடு மருமகனும் நானும் கிளம்பினோம். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில். கடற்கரை–எழும்பூர் நான்காவது ரயில் பாதை வேலைக்காக அந்த ஆகஸ்ட் முதல் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கால் வைத்ததும் ஆளுக்கொருவர் "என்ன வேண்டும் சார்? கேமராவா, லேப்டாப்பா?" என்று மருமகனைத்தான் கேட்டார்கள். பட்டியல் என் கையில் இருந்தது, பணமும் என் பையில் இருந்தது. ஆறு கடைகளில் விலை கேட்டேன். ஆறு பேரும் பதிலை அவனிடமே சொன்னார்கள். ஏழாவது கடையில் அவனை வெளியே நிறுத்திவிட்டுப் போனேன்.

எல்லாக் கடையிலும் ஒரே முதல் கேள்வி: "பில்லோடா, பில் இல்லாமலா?" 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்தத் தாள்தான் பேசும். பெட்டியில்லாமல் 'ட்ரே' பிராசஸர் தருகிறேன், ஆயிரம் குறையும் என்று ஒருவர் சொன்னார். அதில் பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரும் வராது, மூன்று வருட உத்தரவாதமும் வராது. கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

நான் காத்திருந்த இடம் எஸ்எம்பிஎஸ். "கேபினெட்டோடு 450 வாட் இலவசமாக வருகிறது அக்கா, தனியாக எதற்கு?" என்றார் கடைப் பையன். எடுத்துக் கையில் கொடுக்கச் சொன்னேன். தீப்பெட்டி மாதிரி லேசாக இருந்தது. ஒட்டியிருந்த லேபிளில் 450 என்று பெரிதாகப் போட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர். பொடி எழுத்தைப் படிப்பதுதானே என் தொழில். பிராசஸர், ஃபேன் எல்லாம் உண்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். பக்கத்தில் மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான '80 பிளஸ்' வெண்கலச் சான்று பெற்ற ஒன்று இருந்தது. அதிலும் 450 வாட்தான். ஆனால் 12 வோல்ட்டில் 36 ஆம்பியர், 432 வாட். தூக்கினால் கை இறங்கியது. என் கணினி மொத்தமாக 150 வாட்டைக்கூடத் தொடாது என்பது எனக்குத் தெரியும். சத்தம் போட்டுச் சாகாத ஒன்றுக்காகத்தான் அந்தப் பணம். மிச்சம் பிடித்த நாலாயிரத்தில் மூவாயிரம் அங்கே போயிற்று.

மற்றவை சடுதியில் முடிந்தன: 1 டிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி, காற்றுப் போக முன்பக்கம் வலையாக இருக்கும் கேபினெட், 600 விஏ யுபிஎஸ். ராம் மட்டும் கொஞ்சம் வாதம். ஒரே 16 ஜிபியாக வாங்குங்கள், பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்றார்கள். 5600ஜியின் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்தே கடன் வாங்கும். இரண்டு குச்சிகளாக இருந்தால் இரண்டு வழியில் வாங்கும். அதனால் 8 ஜிபி இரண்டு எடுத்தேன். நான்கு ஸ்லாட் இருக்கிறதே, மீதி இரண்டைப் பிறகு நிரப்பலாம். பயாஸ் பற்றிக் கேட்டதற்கு, "எல்லாம் அப்டேட் செய்துதான் வைத்திருக்கிறோம்" என்றார்கள். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வேலையைத் தொடங்கினோம். ராம் இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கூலரைத் திருகுவதற்கு முன் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அடியில் இருக்கும் இரும்புத் தகடு கீழே விழுந்துவிடும். ஒருவர் தகட்டைப் பிடிக்க, ஒருவர் திருக. பழைய ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆயிற்று.

சுவிட்சைத் தட்டினோம். ஃபேன் சுழன்றது. திரை இருட்டு.

ராமைக் கழற்றி மாட்டினோம், ஒற்றைக் குச்சியோடு முயன்றோம், எட்டு முனை மின்கம்பியை அழுத்திப் பார்த்தோம். போர்டின் ஓரத்தில் சிபியு என்று அச்சிட்ட இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அசையாமல் எரிந்தது. பட்டியலில் நான் சிவப்பில் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. பயாஸ்.

போர்டைக் கடைக்குத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். கூலரின் திருகுகளைக் கழற்றி மேலே தூக்கினேன். பிராசஸரும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்கிறது, பிராசஸர் என் கையில். கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட், ஆறினால் வஜ்ஜிரம் மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை. இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பிறகுதான் தூக்க வேண்டுமாம். அடியில் 1,331 ஊசிகள். விளக்கருகே சாய்த்துப் பார்த்தேன். வரிசைகள் அச்சுக் கோத்ததுபோல நேராக இருந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் இரண்டு ஊசிகள் தலை சாய்ந்து நின்றன. மருமகன் முகம் வெளுத்துவிட்டது. மெய்ப்புத் திருத்தும் மைக்ரோ-டிப் பென்சிலை எடுத்து, உள்ளே இருந்த குச்சியைத் தட்டிக் கொட்டிவிட்டு, அந்த வெற்று முனையை ஊசியின் மேல் செருகினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மயிரிழை நிமிர்த்தினேன். பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்து இன்னொரு மயிரிழை. ஒரு ஊசிக்குக் கால் மணி நேரம். சாக்கெட்டில் வைத்தபோது அழுத்தாமலே இறங்கி உட்கார்ந்தது.

திங்கட்கிழமை கடையில் ஊசி விஷயத்தை நான் வாயே திறக்கவில்லை. பயாஸைப் பற்றி மட்டும் பேசினேன், கொஞ்சம் சத்தமாகவே. பையன் ஒரு பழைய ரைசனைப் போர்டில் பொருத்தி, பென் டிரைவைச் செருகி, ஐந்து நிமிடத்தில் அப்டேட் செய்துவிட்டான். இதற்கு முந்நூறு ரூபாய் என்றவனை நான் பார்த்த பார்வையில் அவனே தொகையை விழுங்கிக்கொண்டான். பிறகு என் பிராசஸரை மாட்டினான். திரையில் எழுத்துகள் வரும்வரை நான் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த மவுஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தன. தெர்மல் பேஸ்ட் ஒரு சின்னக் குழாய் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

வீட்டில் எல்லாம் பொருத்தி இயக்கியபோது ராமின் வேகம் 2400 என்றே காட்டியது. வாங்கியது 3200. ராம் அதன் முழு வேகத்தில் ஓட, பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை நாமே இயக்கிவிட வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அந்தச் சிறுகதைத் தொகுப்பு அச்சகத்துக்குப் போயிற்று.

ராமைப் பிறகு சேர்க்கலாம் என்றேன் அல்லவா. இரண்டு வருடம் தேவையே படவில்லை. 2025 கடைசியில் படங்கள் நிறைந்த ஒரு புத்தகம் வந்தபோது கணினி திணறியது. சரி, இன்னும் இரண்டு குச்சி என்று விசாரித்தேன். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிவிட்டிருந்தது. நான் முதலில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். படங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேலையை முடித்தேன். ஸ்லாட் இரண்டும் காலியாகவே இருக்கின்றன. வாரம் ஒருமுறை விலை கேட்கிறேன். மருமகன் மட்டும், "அன்றைக்கே கார்டு வாங்கியிருக்கலாம் அத்தை" என்கிறான். ராமுக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.