சாக்ரமெண்டோ மைக்கில் பத்து விநாடி

கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில், சட்டமன்றக் கமிட்டி முன்னால் நின்று ஒரு மசோதாவைப் பற்றிப் பேச, குடியுரிமை வேண்டாம், வக்கீல் வேண்டாம், யார் சிபாரிசும் வேண்டாம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் தாராளமாகப் போய்ப் பேசலாம். இங்கே பல வருஷமாக வரி கட்டிக்கொண்டிருக்கும் என் நண்பர்களில் பாதிப் பேருக்கு இது இன்னும் தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் போனது எஸ்.பி. 403, அதாவது செனட் பில் 403, என்ற மசோதாவுக்காக. வேலை, வீடு, கல்வி ஆகியவற்றில் சாதி அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று மாநிலச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2023-இல் அதைக் கொண்டுவந்தவர் மாநிலச் செனட்டர் ஆயிஷா வஹாப். ஃப்ரீமாண்ட், ஹேவர்ட் எல்லாம் அவருடைய தொகுதிதான், அதாவது எங்கள் ஊர் செனட்டர். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் சியாட்டில் நகர சபை, அமெரிக்காவிலேயே முதல் நகரமாக, சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. 2020-இல் சிஸ்கோ கம்பெனி மீது கலிபோர்னியா அரசு தொடுத்த சாதிப் பாகுபாட்டு வழக்கும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள எங்கள் பே ஏரியாவில் நாலு இந்தியர்கள் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. வந்தால் சண்டை வராமல் இருக்காது.

செனட்டர் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஆனால் விவரம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தான். “நேரில் வருவது நல்லது. ஆனால் முதலில் கடிதம் அனுப்புங்கள். ஒரே பக்கம். மேலேயே மசோதா எண்ணையும் ஆதரவா எதிர்ப்பா என்பதையும் போட்டுவிடுங்கள். கமிட்டியின் கெடு தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.” நான் நேரில் போவதைத்தான் பெரிய விஷயமாக நினைத்திருந்தேன். அவன் கடிதத்தையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

காரணம் பிறகு புரிந்தது. ஒவ்வொரு மசோதாவுக்கும் கமிட்டி ஊழியர்கள் ஒரு ஆய்வறிக்கை தயார் செய்வார்கள். இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது, இந்த மசோதா எதை மாற்றுகிறது, ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் இரண்டு தரப்பின் பட்டியல்: அமைப்புகள் பெயரோடு வரும், நம்மைப் போன்ற தனி ஆட்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகச் சுருக்கிவிடுவார்கள். விசாரணைக்கு முன்பே இது சட்டமன்ற இணையதளத்தில் வந்துவிடும். ஒரே நாளில் ஏகப்பட்ட மசோதாக்களைப் பார்க்க வேண்டிய உறுப்பினர் நிதானமாகப் படிப்பதென்றால் இதைத்தான் படிப்பார். நம் கடிதத்தில் இருக்கும் ஒரு வாதம் இந்த அறிக்கையில் ஒரு வரியாக ஏறிவிட்டால், மைக்கில் அரைமணி நேரம் பேசியதைவிட அது மேல். கெடு கடந்து போனால் கடிதம் கோப்பில் கிடக்கும், அறிக்கையில் ஏறாது. சட்டமன்றத்தின் இணையதளத்திலேயே இந்தக் கடிதங்களை ஏற்றுவதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. கணக்குத் தொடங்கி, மசோதாவையும் கமிட்டியையும் தேர்ந்தெடுத்து, பி.டி.எஃப். ஏற்றினால் வேலை முடிந்தது.

என் கடிதத்தில் சித்தாந்தம் எதுவும் எழுதவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் அறை வாடகைக்குக் கேட்டுப் போனதை எழுதினேன். சைவமா என்றார்கள், சரி. சொந்த ஊர் எது என்றார்கள், சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்றார்கள், அதையும் சொன்னேன். குலதெய்வம் எது என்று அந்த அம்மா கேட்டபோது என் முன்னால் வைத்த காபி பாதிகூடக் குடித்து முடியவில்லை. மறுநாள் அறை வேறு ஒருவருக்குப் பேசியாகிவிட்டது என்று செய்தி வந்தது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. குலதெய்வம் கேட்டதில் என்ன தப்பு என்று ஒரு அமெரிக்கருக்குப் புரிய வைக்க ஒரு பத்தி முழுதாகப் போய்விட்டது.

செனட்டின் நீதித்துறைக் கமிட்டி விசாரணை ஏப்ரல் 25. ஃப்ரீமாண்டிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் நாங்கள் நாலு பேர். அதில் ஒரு தம்பி மேனேஜரிடம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் மேனேஜரும் இந்தியர்.

சட்டமன்றம் இருக்கும் கேபிடலின் பழைய இணைப்புக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக, உறுப்பினர்களின் அலுவலகங்களையும் விசாரணை அறைகள் சிலவற்றையும் பக்கத்தில் ஓ தெருவில் இருக்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பாதுகாப்புச் சோதனை தாண்டி உள்ளே போனால் எங்கும் நம் ஆட்கள். நூற்றுக்கணக்கில் வந்திருந்தார்கள். நீலச் சட்டையில் அம்பேத்கர் இயக்கத்தினர், தலைப்பாகையோடு சீக்கியர்கள், பட்டுப் புடவையில் மாமிகள், கைக்குழந்தையோடு சிலர். ஆதரவாளர் யார், எதிர்ப்பாளர் யார் என்று உடையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் கும்பகோணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பார்க்கிங் விலையைத் திட்டுவதில் ஆரம்பித்து மகன் கல்லூரிச் செலவு வரை பேசிவிட்டோம். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, நீங்க சப்போர்ட்டா, அப்போஸா?”

“சப்போர்ட் சார்.”

“ஓ.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: “பாகுபாடு கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். ஆனா சட்டத்துல சாதின்னு எழுதிட்டா, நாளைக்கு என் பையனை ஆபீஸ்ல எல்லாரும் சந்தேகமாப் பார்ப்பாங்க. அமெரிக்கால பிறந்த பையன், அவனுக்குச் சாதின்னா என்னன்னே தெரியாது.” அவனுக்குத் தெரியாமல் இருப்பதே எவ்வளவு வசதி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் தன் வாட்டர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போனார், நான் அவர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன்.

அவர் சொன்னதில் பாதி, எதிர்ப்பு அமைப்புகளின் வாதமும்கூட. இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் போன்றவர்கள் சொன்னது இதுதான்: வம்சாவளி அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, சாதி என்று தனியாக எழுதினால் தெற்காசியர்களை, குறிப்பாக இந்துக்களை மட்டும் குறிவைத்ததாகும். ஏற்கெனவே சட்டம் இருக்கிறது என்பது பதில் சொல்ல வேண்டிய வாதம்தான். ஆனால் ‘இருக்கிறது’ என்பது மனிதவளத் துறையில் புகார் வாங்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மசோதாவைக் கொண்டுவந்தவர் முதலில் பேசுவார். பிறகு ஆதரவுத் தரப்பில் இரண்டு முக்கிய சாட்சிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் போல. நிமிடக் கணக்கு கமிட்டித் தலைவரைப் பொறுத்தது. அதன் பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் முறை. வரிசையாக மைக்குக்குப் போய் மூன்றே விஷயம் சொல்லலாம்: பெயர், அமைப்பு அல்லது ஊர், ஆதரவா எதிர்ப்பா. அவ்வளவுதான். நாலாவதாக ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் தலைவர் குறுக்கிடுவார். அடுத்து இதே வரிசையில் எதிர்ப்புத் தரப்பு. ஊரிலிருந்து புறப்படும்போது பேச்சு தயார் செய்துகொண்டு வருபவர்கள் இதைக் கேட்டுத்தான் நொந்து போவார்கள்.

எங்கள் தம்பிக்கு அந்த மூன்றில் முதலாவதே பிரச்சினை. விசாரணை முழுவதும் வீடியோவாகப் பதிவாகிறது, யார் வேண்டுமானாலும் பிறகு பார்க்கலாம். சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் பேசுவதே, ஆபீசில் உன் சாதி என்ன என்று ஊகிக்க வைத்துவிடும். இத்தனை வருஷம் அவன் ஜாக்கிரதையாக மறைத்து வைத்திருந்தது அது. வரிசை நகர நகர, கைப்பேசியில் எழுதி வைத்திருந்த ஒற்றை வரியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தான். கம்பெனி பெயரை அழித்தான். பிறகு அப்பா பெயரை அழித்தான். மைக் முன்னால் போய் நின்றபோது கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு முழுப் பெயரையும் சொன்னான், சன்னிவேல் என்றான், “ஸ்ட்ராங் சப்போர்ட்” என்றான். என்னுடையது அதைவிடச் சுருக்கம். பத்து விநாடி ஆகியிருக்காது.

இந்தப் பத்து விநாடிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். கடிதம் ஊழியரிடம் போகிறது. வரிசை உறுப்பினர் கண்ணில் படுகிறது. முதல் பத்துப் பேர் வரை அவர்கள் போனையும் காகிதத்தையும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் வந்துகொண்டே இருக்கவும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓட்டெடுப்பைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. செயலர் பெயர் பெயராகக் கூப்பிடுவார். ஒரே நேரத்தில் வேறு கமிட்டிகளும் நடப்பதால் சில நாற்காலிகள் காலியாக இருக்கும். போதுமான ஓட்டு விழாவிட்டால் மசோதாவை முடிக்காமல் திறந்தே வைத்திருப்பார்கள். வெளியே போனவர்கள் திரும்பி வந்து பிறகு ஓட்டைச் சேர்ப்பார்கள். எனவே விசாரணை முடிந்த கையோடு முடிவு தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதைவிட முக்கியம் இன்னொன்று: வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். 11 பேர் கமிட்டி என்றால் 6 ஓட்டு. ஓட்டே போடாமல் இருந்தால் எதிர்த்துப் போட்டதற்குச் சமம், ஆனால் எதிர்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அரசியல்வாதிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எங்கள் மசோதாவுக்கு அன்று எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

செலவு வைக்கும் மசோதாக்கள் அடுத்து நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டிக்குப் போகும். செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். மே மாதம் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை, நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலையெழுத்தை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்கள். சாட்சியும் கிடையாது, விவாதமும் கிடையாது. நல்ல மசோதாக்கள் பல சத்தமில்லாமல் சாவது அங்கேதான். எங்களுடையது அந்த வருஷத்து மே மாத வாசிப்புக்கு முன்பே, மே 11 அன்று, 34-1 என்று செனட்டைத் தாண்டிவிட்டது.

பிறகு சட்டமன்றத்தின் இன்னொரு அவையான அசெம்பிளியில் முதலிலிருந்து எல்லாம் மறுபடியும்: புதிய கமிட்டி, புதிய கெடு, புதிய கடிதம். செனட்டுக்கு அனுப்பியதே போதும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே மசோதாவின் வாசகமே மாறியது. தனிப் பிரிவாக இருந்த சாதி, ‘வம்சாவளி’ என்பதன் விளக்கத்துக்குள் ஒரு சொல்லாகப் போனது. எதிர்த்தரப்பின் வாதம் எங்கே போய் வேலை செய்தது என்று அந்தத் திருத்தத்தைப் பார்த்தாலே தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் இல்லாமல் அசெம்பிளியில் தேறியிருக்காது என்று கூட வந்த நண்பர் சொல்வதையும் மறுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 28-இல் அசெம்பிளி 50-3, செப்டம்பரில் திருத்தத்துக்குச் செனட்டின் சம்மதம். பிறகு கவர்னருக்குக் கடிதம், அதுவும் தனிக் கடிதம். சாதிக்கு எதிராக இயங்கும் ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் உள்ளிட்டோர் சாக்ரமெண்டோவில் உண்ணாவிரதமே இருந்தார்கள். அக்டோபர் 7 அன்று கவர்னர் கேவின் நியூசம் வீட்டோ செய்துவிட்டார். ஏற்கெனவே உள்ள சட்டங்களே இந்தப் பாகுபாட்டைத் தடுக்கின்றன, எனவே இது தேவையில்லை என்பது அவர் காரணம். கும்பகோணத்துக்காரர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அவர் தரப்பு ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது, எங்கள் தரப்பு தோற்றது என்றும் சொல்ல முடியாது. சாதி ஏற்கெனவே சட்டத்துக்குள் அடங்கும் என்று கவர்னரே எழுத்தில் கொடுத்திருக்கிறாரே!

வீட்டோவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் மீறலாம். கலிபோர்னியாவில் அப்படி நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். செனட்டில் 40 பேருக்கு 27 வேண்டும், அது தாராளமாக இருந்தது. அசெம்பிளியில் 80 பேருக்கு 54 வேண்டும். கிடைத்தது 50. எதிர்த்தவர்கள் மூன்றே பேர். மீதிப் பேர் ஓட்டே போடவில்லை.