பிரசவ வலிக்குப் பந்து: முதலில் உயரத்தைப் பாருங்கள்

பிரசவ வலியின்போது உட்கார்ந்து ஆடவும் சாய்ந்துகொள்ளவும் உதவும் பெரிய காற்றுப் பந்து இது. கடையில் ‘ஜிம் பால்’ என்று கேட்டால் பெரும்பாலும் 65 அல்லது 75 செ.மீ. பந்துதான் கைக்கு வரும். நம்மூர்ப் பெண்களில் பலர் ஐந்தடியை ஒட்டிய உயரம். அவர்கள் 65 செ.மீ. பந்தில் உட்கார்ந்தால் குதிகால் தரையில் படியாது. விரல் நுனியில் ஊன்றிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். வலி ஏறும்போது அந்தக் கால் நடுங்கும், பந்து பின்னால் நழுவும். ‘எனக்குப் பந்து சரிப்படலை’ என்று ஒதுக்கிவிட்டவர்களில் பலர் அளவு தவறிய பந்தில் உட்கார்ந்தவர்கள்தான்.

ஐந்தடி மூன்று அங்குலம் வரை, அதாவது 160 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு 55 செ.மீ. பந்து. அதற்கு மேல் ஐந்தடி எட்டு அங்குலம் வரை 65. அதையும் தாண்டியவர்களுக்கு 75. இது கணக்கு, கடைசித் தீர்ப்பை உடம்புதான் சொல்ல வேண்டும். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய, பந்தின் நடுவில் உட்காருங்கள். இடுப்பைவிட முழங்கால் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். தொடைமேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது முழங்கால் பக்கம் மெல்ல உருள வேண்டும். வயிற்றுப் பக்கம் உருண்டு வந்தால் பந்து தாழ்வு, அல்லது காற்று போதவில்லை. இதை ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் எடை கூடக் கூடப் பந்து அமுங்கும்.

வாங்கும்போது ‘ஆன்டி பர்ஸ்ட்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பந்தில் ஏதாவது குத்தினால் பலூன் மாதிரி வெடிக்காது, காற்று மெதுவாக இறங்கும், எழுந்துகொள்ள நேரம் கிடைக்கும். எத்தனை கிலோ தாங்கும் என்பதும் பெட்டியில் இருக்கும்.

காற்றடிப்பதில் அவசரம் கூடாது. மடித்து வந்த பந்தை ஒரே மூச்சில் முழு அளவுக்கு ஊதினால் மடிப்பு விழுந்த இடத்தில் சரியாக விரியாது. முதல் நாள் முக்கால்வாசிக்குச் சற்று மேல் அடித்து, அடைப்பானைப் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு நாள் கழித்து மீதியை அடியுங்கள். அளவு பார்க்க, சுவரில் தரையிலிருந்து உங்கள் பந்தின் அளவு உயரத்தில் (55 பந்தென்றால் 55 செ.மீ.) பென்சிலால் ஒரு கோடு போட்டு, பந்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் தலையில் ஒரு பலகையைப் படுக்கையாக வையுங்கள். பலகை கோட்டைத் தொட்டால் போதும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம். அந்த வேகத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அளவுக்கு மீறிக் காற்றடித்த பந்து கல் மாதிரி இருக்கும், சும்மாவே உருளும். வெயில் படும் பால்கனியில் வைத்தாலும் உள்ளே காற்று விரிந்து இதே கதைதான்.

விழுவதற்குப் பந்தைவிடத் தரைதான் பெரிய காரணம். டைல்ஸ் தரை, அதில் பனிக்குட நீர் சொட்டியிருக்கிறது, காலில் சாக்ஸ். இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டாயம் வழுக்கும். வெறுங்காலோடு இருங்கள். தரையில் யோகா விரிப்பு போடுங்கள். வாசலில் போடும் மிதியடி கூடாது, அது பந்தோடு சேர்ந்தே நகரும். முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டால் கையையும் பந்தையும் துடைத்த பிறகே உட்கார வேண்டும். நைட்டியில் ஊக்கு குத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள், மெட்டியின் கூர் முனையையும் கவனியுங்கள். பந்துக்குப் பின்னால் சுவர், முன்னால் கட்டில் இருக்கும்படி இடம் பிடித்தால் பாதி பயம் போய்விடும்.

உட்காரும்போது பந்து கெண்டைக்காலில் படும் வரை பின்னால் வந்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தோள் அகலத்துக்கு மேல் காலை அகட்டி மெல்ல இறங்க வேண்டும். கூட இருப்பவர் நாற்காலியில் பின்னால் அமர்ந்து இரண்டு முழங்காலாலும் பந்தை அணைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எழும்போது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். வலியில் இருக்கும் பெண்ணே முன்னால் குனிந்து, கட்டிலைப் பிடித்து, தன் கால் பலத்தில் எழட்டும்.

உட்கார்ந்த பிறகு செய்வதெல்லாம் எளிது. தோள் அசையாமல் இடுப்பை மட்டும் வட்டமாக, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி சுற்ற வேண்டும். வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. அல்லது எட்டு போடுவது, முன்னும் பின்னுமாக ஆடுவது. துள்ளிக் குதிக்கத் தேவையே இல்லை.

என்னைக் கேட்டால் பந்தின் உண்மையான அருமை அதன்மேல் உட்காருவதைவிட அதைக் கட்டிக்கொள்வதில் இருக்கிறது. முதுகு வெட்டி எடுக்கிற மாதிரி வலி வருகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தையின் பின்தலை தாயின் முதுகெலும்புப் பக்கம் திரும்பியிருக்கும்போது, இந்த நிலை பெரிய ஆறுதல். தரையில் தலையணையோ மடித்த போர்வையோ போட்டு மண்டியிட வேண்டும். பந்தை நெஞ்சோடு அணைத்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, உடம்பின் பாரத்தை முழுக்க அதில் போட்டுவிட வேண்டும். வயிறு தொட்டில் மாதிரி கீழே தொங்கும், முதுகெலும்பின் மேல் பாரம் இருக்காது. மண்டியிட முடியாவிட்டால் பந்தைக் கட்டில்மேல் தூக்கி வைத்து, நின்றபடியே அதில் சாயலாம்.

கூட இருக்கும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ கணவருக்கோ இப்போதுதான் வேலை. வலி தொடங்கியதும் புட்டப் பிளவுக்குச் சற்று மேலே இருக்கும் முக்கோண எலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்த வேண்டும். தேய்க்க வேண்டாம், அழுத்தம்தான். கையை நீட்டி உடம்பு எடையைக் கொடுங்கள். வெறும் கைபலம் பத்து நிமிடம்கூடத் தாங்காது. “அம்மா, இன்னும் கீழ... அங்கதான், அப்படியே பிடி” என்று அவளே சொல்வாள். வலி தணிந்ததும் கையை மெல்ல எடுங்கள். இடைவெளியில் ஒரு மடக்கு தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள், நிறைந்த மூத்திரப்பை குழந்தையின் தலை இறங்குவதற்குத் தடை. எந்த நிலையும் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், அடிமுதுகு எலும்பும் கட்டிலோடு அமுங்கி அசைய இடமில்லாமல் போகும். நிமிர்ந்திருந்தால் இரண்டும் இல்லை. பிரசவத்தின் முதல் கட்டத்தில், அதாவது கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் வரை, நிமிர்ந்தும் நடந்தும் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி 22 நிமிடம் குறைந்தது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2013-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அது நிமிர்ந்த நிலைகள் எல்லாவற்றுக்குமான கணக்கு, பந்துக்கு மட்டும் உரியதல்ல. பந்தில் உட்கார்ந்தால் வலி தானாக வந்துவிடும், சீக்கிரம் பிரசவமாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சூட்டு வலியையும், அதாவது வந்து போகும் பொய் வலியையும், இது பிரசவ வலியாக மாற்றாது. வலியைத் தாங்கவும் அசையவும் உதவும். அந்த நேரத்தில் அதுவே பெரிது.

1963-இல் அக்விலினோ கொசானி என்ற இத்தாலிய பிளாஸ்டிக் உற்பத்தியாளர் செய்த பந்து இது. சுவிட்சர்லாந்தின் பிசியோதெரபிஸ்டுகள் நரம்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தர எடுத்துக்கொண்டார்கள். ‘சுவிஸ் பந்து’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. லேபர் ரூமுக்கு வந்தது அதற்கும் பிறகுதான்.

பந்து வேண்டாத நேரங்கள் உண்டு, இதில் சமரசமே கூடாது. ரத்தப்போக்கு இருந்தால், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால், தலை இறங்குவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்தால், டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை பந்து கூடாது. மயக்கம் தரும் வலி குறைக்கும் ஊசி போட்ட பிறகும், ரத்த அழுத்தம் ஏறித் தலை சுற்றும்போதும் அப்படியே. குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் பெல்ட் கட்டியிருந்தால், வயர் எட்டும் தூரத்தில் கட்டிலருகே பந்தில் உட்கார அனுமதி கேட்கலாம். ஆடும்போது பெல்ட் நழுவித் துடிப்பு சரியாகப் பதிவாகாமல் போகும். பயப்படாமல் நர்ஸை அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

எபிடூரல், அதாவது வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து, போட்டுக் கால் மரத்தவர்கள் உருண்டைப் பந்தில் உட்காரவே கூடாது. அவர்களுக்கு நடுவில் ஒடுங்கிய நிலக்கடலை வடிவப் பந்து இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை மடக்கி, இரண்டு காலுக்கும் நடுவில் அதை வைப்பார்கள். முழங்காலோடு கணுக்காலுக்கும் அதில் தாங்கல் இருக்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில் கெட்டியான இரண்டு தலையணைகளைப் போர்வையில் சுற்றிக் கட்டினால் ஓரளவு வேலை நடக்கும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரியில் 36 வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: லேபர் ரூமில் பந்து இருக்கிறதா, என்ன அளவு, நம் பந்தைக் கொண்டுவர விடுவார்களா, கூட ஒருவர் இருக்கலாமா? வலியின்போது பெண் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும், நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்கப்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே தயங்காமல் கேட்கலாம். ஊதிய பந்தை ஆட்டோவில் வைத்துக்கொண்டு போவது சிரமம். காற்றை இறக்கி, பம்பும் ஒரு கூடுதல் அடைப்பானும் சேர்த்துப் பையில் போடுங்கள். அடைப்பான் சுண்டுவிரல் நுனி அளவுதான், கட்டிலுக்கு அடியில் உருண்டால் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். உட்காருமுன் பந்தின்மேல் ஒரு உறிஞ்சும் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள், அதன் ஓரம் காலடியில் சிக்காதபடி மடித்து.

மலம் வருகிற மாதிரி அழுத்தம் தோன்றி, முக்க வேண்டும் என்று வந்துவிட்டால் உடனே நர்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் பந்தை விட்டு இறங்கிவிடுங்கள். கூட இருப்பவர் பந்தை அறையின் மூலைக்கு உருட்டிவிட வேண்டும், ஓடி வருகிறவர்கள் காலில் தட்டாத இடத்துக்கு.