அப்பாவின் பட்டாவிலிருந்து அம்மாவின் கணக்குக்கு: ஒரு பி.எம். கிசான் அனுபவம்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், தவணைக்கு 2,000 ரூபாய் வீதம், விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. அப்பா இருந்தவரை அத்தொகை அவர் கணக்குக்கு வந்தது. அவர் மறைந்தபின் அதை அம்மாவின் பெயரில் பெற முயன்றபோது, விண்ணப்பத்தை விட வருவாய்த் துறைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதே காரியத்தைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கியது.

இறந்தவரின் தவணை வாரிசுக்குத் தானாக மாறிவிடாது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அப்பாவின் பெயரை நிறுத்தச் செய்து, அம்மாவைப் புதிய பயனாளியாகப் பதிய வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே இத்திட்டத்தின் அளவுகோல். அதற்குப் பின் நிலம் வாங்கியவர்களுக்கு இடமில்லை என்றாலும், உரிமையாளர் இறந்ததால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. எனவே முதலில் வாரிசுச் சான்றிதழ், அதைக் கொண்டு இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாறுதல், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை என்று ஒவ்வொன்றாகக் கடந்தோம்.

கூட்டுப் பட்டாவில் அம்மாவுடன் அண்ணன் பெயரும் என் பெயரும் ஏறின. நாங்கள் இருவரும் வருமான வரி செலுத்துவதால் அம்மாவுக்கும் தகுதியில்லை என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். திட்டத்தின் விதிப்படி குடும்பம் என்பது கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே. ஒரே பட்டாவில் பல குடும்பங்கள் இருந்தால் ஒவ்வொன்றின் தகுதியையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். அந்த விதியை அச்செடுத்துக் காட்டியபின் மனு நகர்ந்தது. தமிழ்நாட்டில் 2020-இல் தகுதியற்றவர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்ட முறைகேடு வெளிவந்து சிபிசிஐடி விசாரணை வரை சென்ற பிறகு, அலுவலர்கள் கையெழுத்திடத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தின் சுமை உண்மையான விவசாயிகள் மீதே விழுகிறது. குத்தகைக்கு உழுபவர்களின் நிலை இன்னும் மோசம். எங்கள் பக்கத்து வயலில் பயிர் செய்பவர் பெயரில் பட்டா இல்லாததால் அவருக்கு இத்திட்டத்தில் வழியே இல்லை.

அடுத்து இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாகப் பயனாளியின் அடையாளத்தை மின்னணு முறையில் சரிபார்ப்பது. களை பறித்தே தேய்ந்துபோன அம்மாவின் விரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. அவருடைய ஆதாரில் கைப்பேசி எண்ணும் இணைக்கப்படாததால் ஓடிபி முறையும் பயன்படவில்லை. 2023-இல் திட்டத்தின் செயலியில் சேர்க்கப்பட்ட முக அடையாள வசதிதான் கைகொடுத்தது. நல்ல வெளிச்சத்தில் அமர வைத்து எடுத்தால் வேலை எளிதில் முடிகிறது.

இணையதளத்தில் பயனாளியின் நிலையைப் பார்க்கும்போது நிலப் பதிவு இணைப்பு, இ-கேஒய்சி, வங்கிக் கணக்குடன் ஆதார் இணைப்பு ஆகிய மூன்றும் நிறைவடைந்திருக்கிறதா எனக் கவனிக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும், நாங்கள் பாஸ்புக் நகல் கொடுத்த கூட்டுறவு வங்கிக் கணக்கில் பணம் வரவில்லை. ஆதார் வழிப் பட்டுவாடாவில் ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே பணம் செல்லும். நூறு நாள் வேலைக்காக அம்மா அஞ்சலக வங்கியில் தொடங்கியிருந்த கணக்கில் 2,000 ரூபாய் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அதில் 1,350 ரூபாய்க்கு ஒரு மூட்டை டிஏபி உரம் வாங்கினோம். மீதத்தில் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்க முடிந்தது.