பீம் என்றால் விரிசல் விடத்தான் செய்யும்

கான்கிரீட் பீமின் (உத்திரத்தின்) அடியில் மயிரிழை விரிசலைப் பார்த்ததும் கட்டினவர் ஏமாற்றிவிட்டார் என்று கிளம்பிவிடுகிறோம். சரி, கணக்கைப் பார்ப்போம். சுமை ஏறினால் பீம் வளையும், அதன் அடிப்பக்கம் இழுபடும். அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கில்லாடி, இழுத்தாலோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் அளவு நீண்டாலே பிளந்துவிடும். அந்த நேரத்தில், உள்ளே பதிந்து கூடவே அதே அளவு நீண்டிருக்கும் எஃகுக் கம்பியில் ஏறியிருப்பது வெறும் 20 மெகாபாஸ்கல் (பரப்புக்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) சொச்சம், அதுவோ 500 வரை தாங்கக்கூடிய கம்பி! கான்கிரீட் விரிசல் விட்ட பிறகுதான் கம்பிக்கே உருப்படியான வேலை கிடைக்கிறது.

விரிசல் விட்ட இடத்தில் இழுவிசை முழுவதும் கம்பியின் தலையில் விழுகிறது, ஆனால் கொஞ்சம் தள்ளிப் போனால் கம்பியின் மேல் புடைத்திருக்கும் வரிகள் கான்கிரீட்டைப் பிடித்து இழுத்து மறுபடி சுமையில் பங்கேற்க வைக்கின்றன, அந்தப் பங்கு கான்கிரீட்டின் எல்லையைத் தொடும் இடத்தில் அடுத்த விரிசல். (எனக்கு இதில் பிடித்ததே இந்த இழுபறிதான்.) அதனால் தடித்த கம்பி நாலு போடுவதைவிட, அதே மொத்தப் பரப்புக்கு மெல்லிய கம்பிகளை நெருக்கமாகப் போட்டால் விரிசல் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றும் மெலிசாகிவிடும்.

பல விதிநூல்கள் சாதாரணச் சூழலில் 0.3 மில்லிமீட்டர் அகலம் வரை அனுமதிக்கின்றன. அதைத் தாண்டினாலோ, தூணுக்குப் பக்கத்தில் சாய்வாக ஓடினாலோ, துருக்கறை கசிந்தாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள்.